இடப்பக்கம் ராத்திரி

ஆல்டர்மூர் தேயிலைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் லூயிஸுக்கு மரியாதை தெரியாது என்று சொல்பவர்கள் பாதி உண்மைதான் சொல்கிறார்கள். தெரியும், கொடுக்கத்தான் ஆள் அகப்படவில்லை. ஐம்பத்து நாலு வயதில் அவர் மதித்தவை இரண்டே இரண்டு. ஒன்று, மலையேறி வரும் பதினோராயிரம் வோல்ட் கம்பி. அதை அவமதித்தால் அது சும்மா இருக்காது. இன்னொன்று, அவருடைய சொந்த லோடு புத்தகம்.

மற்ற எல்லாவற்றையும் அவர் ஒரே பார்வையில் அளந்துவிடுவார். சாலையோரம் காரை நிறுத்தி, பச்சைக் கொழுந்தைக் கிள்ளி மூக்கருகே வைத்து, இல்லாத வாசனைக்குக் கண்ணை மூடும் டூரிஸ்ட்டுகள். எது நின்றாலும் "ப்யூஸ் போச்சு" என்று கத்தும் மெஷின்காரர்கள். எர்த் இல்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு பரலோகத்தோடு பேசும், தன் மனைவி தபித்தாளின் சபைப் போதகர். "மாதா கோயில் மைக் மட்டும் என்னவாம்?" என்று தபித்தாள் கேட்பாள். அவர் கத்தோலிக்கர். அந்த மைக்கையும் மதித்ததில்லை.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் பேக்டரி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று லோடு புத்தகத்தில் எழுத வேண்டும். அவர் இல்லாத ஷிஃப்டில் வேறு யாராவது எழுதுவார்கள்; ஆனால் லூயிஸ் போட்ட கட்டத்துக்குள்தான் எழுதவேண்டும். தலைமை அலுவலகம் அச்சடித்து அனுப்பிய ரிஜிஸ்டரை இருபத்தேழு வருடத்துக்கு முன்பே, ஆடிக்கொண்டிருந்த பீரோவின் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டார். குன்னூரில் நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் அவரே கோடு போடுவார். ஒரு நாளுக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் ஆறிலிருந்து ஆறு. வலப்பக்கம் ஆறிலிருந்து ஆறு.

இடப்பக்கம் ராத்திரி. அதை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எதற்கு எழுத வேண்டும்? தேயிலைக்கு நாள் பிறப்பது சாயங்காலம் ஆறு மணிக்கு. பகலெல்லாம் பறித்த கொழுந்து கடைசி எடையும் முடிந்து, நீளமான வாட்டுத் தொட்டிகளில் பரப்பப்பட்டு, அடியிலிருந்து ஃபேன் காற்று ஏறத் தொடங்கும் நேரம் அது. இரவு முழுக்க வாடி, விடிவதற்கு நாலு மணி நேரம் முன்பு ரோலருக்குள் போய், காலை பத்துக்குள் டிரையரைத் தாண்டித் தூளாகிவிடும். திங்கட்கிழமைக் கொழுந்து செவ்வாய்க்கிழமை காலையில் தூளானாலும் அதற்குப் பெயர் திங்கட்கிழமைத் தூள். ஆகவே நாளின் முதல் பக்கம் இரவு. அடுத்த பக்கம் பகல். ஆல்டர்மூரில் இது தெரியாதவர் உண்டென்று லூயிஸ் நினைத்ததே இல்லை.

சோலார் கம்பெனி வந்தது பிப்ரவரியில். வெளியூர்க்காரர்களை ஏமாற்றுவதற்கென்றே நீலகிரியில் வைத்திருக்கும் மாதம் அது. மேகம் இல்லை, மழை இல்லை, வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. கம்பெனியின் என்ஜினியர் ஆதித்யா கோயமுத்தூர்ப் பையன், இருபத்தாறு வயது. மேனேஜர் ரவிச்சந்திரனோடு பங்களாவில் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் பேக்டரிப் பக்கம் வந்து, லூயிஸின் புத்தகத்தில் அறுபது பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்.

"சூப்பர் ஹேண்ட்ரைட்டிங் அங்கிள்," என்றான்.

லூயிஸ் அவனுக்கு அங்கிள் இல்லை. என்றாலும் கையெழுத்தைப் பற்றிச் சொன்னது சரிதான் என்பதால் விட்டுவிட்டார்.

சோலார் தகட்டின் மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் ஷெட் விளக்குக்கு இரண்டு தகடு அவரே மாட்டியிருக்கிறார். மாதம் ஒருதரம் பாசி துடைப்பார். வெயில் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது, அதைப் பற்றிப் பேச வருகிறவர்கள்தான் சகிக்கவில்லை என்பது அவர் கட்சி. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், அதுவும் சமதளமாக, என்றான் ஆதித்யா. முந்நூறு ஏக்கர் ஆல்டர்மூரில் சமதளம் மூன்று இடத்தில் இருந்தது. பேக்டரி முற்றம் ஒன்று. மேனேஜர் பங்களாவின் புல்வெளி ஒன்று. அதை யாரும் அளக்கவில்லை. மூன்றாவது, தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் கீழே இருக்கும் பள்ளம், ஒன்பது ஏக்கர். அங்கே நாற்பது குடும்பங்கள் கேரட்டும் பீட்ரூட்டும் பீன்ஸும் போட்டிருந்தன. எட்டுப் பாத்தி தபித்தாளுடையது. இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்து வேலையை விட்டவள். இப்போது அவள் நாள் முழுக்க நிற்பதும் குனிவதும் ஏசுவதும் அந்த எட்டுப் பாத்தியில்தான்.

மே மாதம் அறிக்கை வந்தது. அறுபத்து நாலு பக்கம், வழவழப்பான தாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம்; தொழிலாளர் தரப்பில் இரண்டு பேர் வருவார்கள்; அதற்குள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு வைக்கும்படி மேனேஜர் லூயிஸிடம் கொடுத்தார்.

"என்னத்துக்குங்க சார் நானு?"

"டேட்டா உங்க புக்ல இருந்து எடுத்தது. சரியா இருக்குன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் லூயிஸ். ஃபார்மாலிட்டி."

லூயிஸ் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் சாயங்கால டீயோடு, கையில் சிவப்பு பேனாவோடு உட்கார்ந்தார். அப்படி உட்காரும்போது அவர் முகத்தில் தெரிவதுதான் அவருக்கு வாய்த்த சந்தோஷம். மூன்றாம் பக்கத்தில் எஸ்டேட் பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள். பதினொன்றாம் பக்கத்தில் பள்ளத்தின் படம், ஆகாயத்திலிருந்து எடுத்தது: ஒரு பழுப்புத் திட்டு, கீழே 'காலி நிலம்' என்ற குறிப்பு. இருபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரைபடம். காலை ஆறு மணிக்கு மெல்ல எழும்பி, பகல் பன்னிரண்டுக்கு மேல் நிமிர்ந்து, மூன்று மணிக்கு உச்சிக்குப் போய், மாலை ஆறுக்கு மேல் சரியும் ஒரு மலை. பேக்டரியின் மின்தேவை, என்று போட்டிருந்தது. பக்கத்தில் அதே உருவத்தில் சூரியனின் மலை. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி பொருந்துவதால் சேமிப்புக்கு பேட்டரி தேவையே இல்லை. உண்டாகும் நேரத்திலேயே உபயோகமாகிவிடும்.

லூயிஸ் சிரித்தார். ஆல்டர்மூரில் மத்தியானம் மூன்று மணிக்கு ஓடுவது டீமேக்கர் அழகையாவின் குறட்டை ஒன்றுதான்.

"ஏனுங்க," என்றாள் தபித்தாள், அடுப்படியிலிருந்து. "என்னமோ சிரிப்பாட்ட இருக்குது. சொன்னா நாங்களும் சிரிப்போமில்ல."

"மத்தியானம் மூணு மணிக்கு பேக்டரி முழு லோடுல ஓடுதாம்."

"எந்தக் கூமுட்டை சொன்னது?"

லூயிஸ் பக்கத்தின் அடியில் பார்த்தார். தரவு: எல். லூயிஸ், எலக்ட்ரீஷியன்.

சிரிப்பு நின்றது. எழுந்து பேக்டரிக்குப் போய், புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். விரித்துப் பார்த்தார். எண்கள் எல்லாம் சரிதான், ஒன்றுகூடப் பிசகவில்லை. அவனுடைய மத்தியான மூன்று மணி, இவருடைய விடிகாலை மூன்று மணி. இடப்பக்கத்தைப் பகல் என்று படித்திருக்கிறான். உலகத்தில் யாராக இருந்தாலும் முதல் பக்கத்தைக் காலையிலிருந்துதான் படிப்பார்கள் என்பது இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக லூயிஸுக்கு உறைத்தது. ஒரு சொல். 'இரவு' என்று மூன்றெழுத்து. சிவப்பு மை வீணாகும் என்றா எழுதாமல் விட்டார்?

தபித்தாள் பின்னால் வந்து நின்றாள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"அப்ப எங்க பாத்தி போறது உங்க கோட்டுனாலயா?"

"கோட்டுல ஒரு தப்பும் இல்ல. படிச்சவன்தான்..."

"எழுதியிருந்தா அவனும் ஒழுங்காப் படிச்சிருப்பான்."

"எல்லாத்துக்கும் தெரிஞ்ச விசயம்."

"எனக்கே தெரியாதுங்க. கட்டுன நாளா இந்த நோட்டைப் பாத்துட்டிருக்கறேன். ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்குது."

லூயிஸ் நோட்டை மூடினார்.

"வேசாலக்கிழமை சொல்லீருங்க," என்றாள் அவள்.

"சொன்னா?"

"சிரிப்பாங்க."

அதுதான் விஷயம். மற்றவர்களைப் பார்த்துத் தான் சிரிப்பது என்பதை ஒரு பதவி போல வைத்திருந்தவர் அவர். அந்தப் பதவியில் பங்கு கேட்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒரு வருடத்துக்கு ஒன்றும் தெரியாது. பாத்தி மேல் கண்ணாடி முளைக்கும். பகலில் மின்சாரம் பொங்கும். வாங்க ஆள் இருக்காது. இரவில் பேக்டரி பசியோடு வாயைத் திறக்கும். தகடுகள் பனியில் நனைந்துகொண்டு நிற்கும். அப்போது கம்பெனி மேனேஜரைச் சொல்லும், மேனேஜர் கம்பெனியைச் சொல்வார். இவர் வழக்கம் போல ஓரமாக நின்று இரண்டு பேரையும் இகழலாம். யோசிக்க யோசிக்க அது வசதியாகத்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் சிவப்பு பேனாவை மூடி வைத்தார்.

வியாழக்கிழமை ஆபீஸ் அறையில் ஆறு பேர். மேனேஜர் ரவிச்சந்திரன் புதுச் சட்டை போட்டிருந்தார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப போட்டோ எடுப்பதாகப் பேச்சு. தொழிலாளர் தரப்பில் மருதாம்பாளும், ஒன்றும் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்த அவள் மச்சானும். அழகையா கதவோரம். ஆதித்யா சுவரில் படம் காட்டினான். பழுப்புத் திட்டு வந்ததும் மருதாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க பள்ளமுங்களா? ஒண்ணையுமே காணோம்?"

"காலி நிலம்னு சாட்டிலைட்ல தெளிவா தெரியுதும்மா."

"கேரட் புடுங்கி மண்ணைக் கொத்திப் போட்டிருக்கறப்ப எடுத்திருப்பீங்க. தின்னு முடிச்ச வட்டலைப் படம் புடிச்சுட்டு, இந்த ஊட்ல சோறே ஆக்கறதில்லைன்னு சொல்றாப்ல இருக்குது."

"மருதாம்பா, எல்லாருக்கும் வேற இடம் பாத்துத் தரோம்," என்றார் மேனேஜர்.

"எங்கீங்க சார், சரிவுலயா? உருளைக்கெழங்கு உருண்டு உங்க பங்களாவுக்கு வந்துரும்."

ஆதித்யா அடுத்த படத்துக்குப் போனான். அந்த இரட்டை மலை. "இந்த சைட்டோட ப்யூட்டியே இதுதான் சார். பகல் லோடு, பகல் பவர். ஸ்டோரேஜ் ஜீரோ."

லூயிஸ் எழுந்து நின்றார். "ஒரு சந்தேகமுங்க. இப்ப மணி என்ன?"

"பதினொண்ணே கால் அங்கிள்."

"உங்க படத்துல பதினொண்ணே காலுக்கு பேக்டரி பாதி லோடு இழுக்குது. காதைக் குடுத்துக் கேளுங்க."

எல்லாரும் கேட்டார்கள். கீழே யாரோ தென்னந் துடைப்பத்தால் சிமென்ட் தரையைப் பெருக்கும் ஓசை. ஒரு இருமல்.

"இன்னைக்கு லீவா?" என்றான் ஆதித்யா.

அழகையா முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

"லீவு இல்லீங்க. வேலை முடிஞ்சுது. நேத்துக் கொழுந்து காலைல பத்துக்கே தூளாயிருச்சு. நீங்க காட்டற உச்சி மத்தியானம் மூணு மணி இல்ல, விடிகாலை மூணு மணி."

ஆதித்யா மடிக்கணினியைப் பார்த்தான், செல்போனைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். "டேட்டா உங்களோடது அங்கிள். நீங்க எழுதின புக்தான் இது. லெஃப்ட் பேஜ், ஆறு டு ஆறு."

லூயிஸ் இங்கேயே தப்பித்துக்கொள்ளலாம். 'நீங்கள் சரியாகப் படிக்கவில்லை' என்று ஒரு வார்த்தை போதும். மேனேஜர் நம்புவார், அழகையா சாட்சி சொல்வார். லூயிஸ் தன் நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

"இடப்பக்கம் ராத்திரி. அதை நான் எழுதல. இருபத்தேழு வருசமா எழுதல. எழுதாம விட்ட முட்டாள் நாந்தான். படிச்ச முட்டாள் நீங்க. மாசாமாசம் வர்ற கரன்ட் பில்லுல மூணாம் பக்கம் எந்த நேரத்துக்கு எவ்வளவுன்னு பிரிச்சே போட்டிருக்குது. அந்தப் பக்கம் வரைக்கும் திருப்பாத முட்டாள்..."

மேனேஜரைப் பார்த்தார். முடிக்கவில்லை. மருதாம்பாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"சரி, சரி," என்றார் ரவிச்சந்திரன். "இப்ப என்ன, பகல்ல வர்றதை மின்சார போர்டுக்குக் குடுத்துட்டு ராத்திரி திருப்பி வாங்கிக்க வேண்டியதுதான?"

"அந்த அனுமதி இந்த ப்ராஜெக்ட்டுக்கு இல்ல சார்," என்றான் ஆதித்யா, குரல் இறங்கி. "அப்பப்ப யூஸ் பண்றதாத்தான் பேப்பர் போட்டிருக்கோம்."

"மத்தியானம் அல்லாருகிட்டயும் மிச்சம் இருக்கும், ராத்திரி அல்லாருக்கும் வேணும்," என்றார் லூயிஸ். "போர்டு என்ன உண்டியலுங்களா, போட்டு வெச்சு எடுக்கறதுக்கு?"

"தண்ணி? பகல்ல பம்ப் பண்ணி மேல ஏத்தி வெச்சு, ராத்திரி கீழ விட்டா கரன்ட் வருமே. நான் படிச்சிருக்கேன்," என்றார் மேனேஜர்.

"வருமுங்க சார். மேல ஒரு டேம், கீழ ஒரு டேம் வேணும். பங்களாப் புல்லுல ஒண்ணு கட்டிக்கலாம்."

ஆதித்யா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய தன்மானமும் அடிபட்டிருந்தது, விட்டுக்கொடுக்க மனமில்லை. "பேட்டரி வெச்சிடலாம். ஜூலைல மூணு நாள் வெயில் இல்லைன்னாலும் தாங்கணும்னா... கண்டெய்னர் சைஸ்ல நாலு."

"ஒண்ணு எத்தனை டன்?"

"முப்பது இருக்கும்."

"நம்ம ஓடைப் பாலத்துல பத்து டன்னுனு போர்டு வெச்சிருக்குது. அதுக்கு மின்னாடி பர்லியார் கொண்டை ஊசி வளைவுல அது திரும்பணும். சரி, தலைல சுமந்து கொண்டாந்துட்டோம்னு வெச்சுக்குவோம். மூணு நாள் தாங்கறதை ரொப்பணுமே? பள்ளத்துல மலை மறைச்சு ஒம்பது மணிக்குத்தான் வெயில் விழுகும். ஜூன்ல இருந்து மூணு மாசம் அதுவும் இல்ல. எத்தனை தகடு போடுவீங்க?"

ஆதித்யா மடிக்கணினியில் எண்களைத் தட்டினான். "மூணு மடங்கு," என்றான் பிறகு. "இருபத்தேழு ஏக்கர்."

"ப்ளாட்டா," என்றார் லூயிஸ்.

"ப்ளாட்டா."

ஜன்னலுக்கு வெளியே ஆல்டர்மூர் நாலா பக்கமும் செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக ஆதித்யா பிரகாசமானான்.

"சார், சிம்பிள் சொல்யூஷன். டீ தயாரிக்கறதைப் பகலுக்கு மாத்திட்டா?"

அதுவரை கதவோரம் இருந்த அழகையா மேஜைக்கு வந்துவிட்டார். "தம்பி, கொழுந்து என்ன ரேசன் கடைங்களா, பத்து மணிக்குத் தொறக்கறதுக்கு? நேத்துக் கொழுந்து தொட்டியிலயே கெடந்தா இன்னைக்குக் கொழுந்தை எங்க பரப்பறது? உங்க மடியிலயா? மொத எடை இந்நேரம் வந்துட்டிருக்குது. நான் வாறனுங்க சார்." போயே விட்டார்.

போட்டோ எடுக்கவில்லை. திட்டத்தைத் திருத்தி அனுப்புங்கள் என்று மேனேஜர் ஆதித்யாவிடம் சொன்னார். திருத்திய திட்டம் வரவில்லை. மூன்று வாரம் கழித்துக் கடிதம்தான் வந்தது. தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் அளித்த பிழையான தரவின் காரணமாக, ஆல்டர்மூர் திட்டத்திலிருந்து கம்பெனி விலகிக்கொள்கிறது. 'காலி நிலம்' பற்றியோ பில்லின் மூன்றாம் பக்கம் பற்றியோ ஒரு சொல் இல்லை. ரவிச்சந்திரன் அதை நோட்டீஸ் போர்டில் குத்தினார். அதன் பக்கத்தில் லூயிஸுக்கு ஒரு மெமோ: இனிமேல் லோடு புத்தகத்தில் இரவு, பகல் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இருபத்தேழு வருடத்தில் அவருக்கு வந்த முதல் மெமோ.

லூயிஸ் அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தையும் நின்று படித்தார். பிழையான தரவு என்பது பொய். தரவில் பிழை இல்லை, தலைப்புதான் இல்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சிவப்பு பேனாவை எடுத்து, கடிதத்தில் இருந்த இரண்டு எழுத்துப் பிழையை மட்டும் வட்டமிட்டுவிட்டு வந்தார்.

ஊர் சிரித்தது. தபித்தாள் சொன்னபடியேதான். டீக்கடையில் அவருக்கு 'இடப்பக்கம்' என்று பெயர் வந்தது. வலப்பக்கம் உட்கார்ந்தால் எழுந்து இடப்பக்கம் வரச் சொன்னார்கள். போதகர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை தபித்தாளிடம், அவர் நலமா என்று கேட்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாராம்.

ஜூனில் மழை தொடங்கும் முன்பு ஒரு நாள், பேக்டரியிலிருந்து வீட்டுக்குக் குறுக்கு வழியாகப் பள்ளத்தில் இறங்கினார். ஒன்பது ஏக்கரிலும் ஆட்கள் குனிந்திருந்தார்கள். தபித்தாள் நாலாவது பாத்தியில், வலிக்காத காலை மடக்கி, மற்றதை நீட்டி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள்; தலை நிமிரவில்லை. மருதாம்பாள் நிமிர்ந்தாள்.

"லூயிஸண்ணா, இது பகலுங்களா ராத்திரியுங்களா? சொன்னீங்கன்னா வேலையை முடிச்சுக்குவோம்."

சுற்றிலும் சிரிப்பு பாத்தி பாத்தியாகப் போயிற்று. லூயிஸ் நின்றார். அவளுடைய பீட்ரூட் வரிசையைப் பார்த்தார். கிழங்குகள் பாதி மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு, தோள் வெளுத்துக் கிடந்தன.

"மண்ணு அணைக்கத் தெரியல, பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல," என்றார். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, அவள் பாத்திக்குள் இறங்கி, இரண்டு கையாலும் மண்ணை இழுத்து அணைக்க ஆரம்பித்தார்.